அறுபத்தைந்தாவது ஓட்டு

குராபி பல்கலைக்கழகத்தில் ரோஸ்லின் டிடிமன் செய்த ஒரே தப்பு, பயிலரங்கில் சொன்னதை நம்பியதுதான்.

மற்ற எழுபத்தொன்பது பேரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. பிப்ரவரி மாத வெக்கையில் குளிர்சாதன அறை கிடைத்ததே போதும் என்று உட்கார்ந்து, இடைவேளையில் தேங்காய்த் துருவல் போட்ட லாமிங்டன் கேக்கை ஆளுக்கு இரண்டு தின்று, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் பழைய ஸ்லைடுகளிடம் திரும்பிப் போனார்கள். பயிலரங்கின் தலைப்பு 'குறைவாகப் பேசுங்கள்'. நடத்தியவர் பேராசிரியர் கிளைவ் வெதரால், கற்பித்தல் மேம்பாட்டு மையத்தின் தலைவர். மூன்று மணி நேரம் பேசினார்.

அந்த மையத்துக்கு ஏழு வருஷத்தில் மூன்று முறை பெயர் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் அச்சடித்த காபிக் கோப்பைகள் எல்லாருக்கும் வந்தன. கற்பித்தல் மேம்பட்டதோ இல்லையோ, பொறியியல் கட்டடத்தில் யாருக்கும் கோப்பைக்குக் குறைவில்லை.

"கேள்வி கேட்டா வாய மூடிட்டு நில்லுங்க" என்றார் கிளைவ் அன்று. "மனசுக்குள்ள எண்ணுங்க. பன்னெண்டு நொடி மௌனத்த எந்த மனுஷனாலயும் தாங்க முடியாது. எவனாவது பேசிடுவான். அப்படிப் பேசறவன்தான் கத்துக்கறான்."

ரோஸ்லின் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வருமுன் ஒன்பது வருஷம் அணைகளிலும் பாசனக் குழாய்களிலும் வேலை பார்த்தவள். நாட்டின் உட்பகுதியில் ஒரு பம்ப் நிலையத்தில், மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கி வந்த ஒரு பட்டதாரி, பம்ப் தண்ணீர் உறிஞ்சும் பக்கத்தில் அகலக் குழாயை எடுத்துவிட்டு ஒடுக்கமான ரப்பர் குழாயை மாட்டினான். ஒடுக்கினால் அழுத்தம் ஏறும், தண்ணீர் ஜோராக வரும் என்பது அவன் கணக்கு. குழாய் உள்பக்கமாகச் சப்பிக்கொண்டு அடைத்தது. பம்ப் எரிந்தது. பருத்தி வயல்களுக்கு மூன்று வாரம் தண்ணீர் இல்லை. சூத்திரத்தைக் கேட்டபோது ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக் காட்டினான் பாவி. அன்றைக்கு அவனைத் திட்டுவதா, அவனுக்கு அந்த மதிப்பெண்ணைப் போட்ட வாத்தியாரைத் திட்டுவதா என்று ரோஸ்லினுக்குத் தெரியவில்லை. வாத்தியாராகப் போவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

முதல் இரண்டு வருஷமும் துறையில் கொடுத்த ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு நன்றாகப் பேசினாள். மாணவர் கருத்துக்கணிப்பில் ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்று கிடைத்தது. பக்கத்து அறை டங்கன் பதினாலு வருஷமாக ஒரே ஸ்லைடுகளை ஓட்டி, பரீட்சையில் வரப்போகும் கணக்கையே வகுப்பில் போட்டுக் காட்டி, நான்கு புள்ளி ஆறு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிறந்த ஆசிரியர் விருதும் உண்டு.

மூன்றாம் வருஷம் ரோஸ்லின் பேச்சைக் குறைத்தாள். கேள்வி கேட்டாள், எண்ணினாள், மாணவர்களை ஒருவரோடொருவர் வாதாட விட்டாள். பரீட்சையில் தேர்ச்சி கூடியது. கருத்துக்கணிப்பு மூன்று புள்ளி இரண்டுக்கு விழுந்தது. 'ரோஸ் எதையும் சொல்லித் தருவதில்லை, எல்லாவற்றையும் நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இதற்கு நான் எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்?' என்று இன்னொருவர்.

பணி நிரந்தரத்துக்கு மூன்று புள்ளி எட்டு வேண்டும். அவளுடைய மூன்று வருஷத் தகுதிகாண் காலம் டிசம்பரில் முடிகிறது. நிரந்தரம் ஆகாவிட்டால் சுரங்கங்களில் பம்ப் வேலைக்குப் போக வேண்டியதுதான். இரண்டு வாரம் பாலைவனத்தில், ஒரு வாரம் வீட்டில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். மறுபடி எரிந்த பம்புகளுக்கு முன்னால் போய் நிற்பதைத்தான் பொறுக்க முடியாது.

கிளைவைப் போய்ப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதத்தான் செஞ்சேன், கிளைவ்."

"நான் சொன்னேன்தான், மேட்" என்றார் கிளைவ். குராபியில் எல்லாரும் எல்லாரையும் 'தோழா' என்பதுபோல மேட் என்பார்கள்; கிளைவ் மட்டும் கெட்ட செய்தி சொல்லும்போதுதான் அந்த வார்த்தையை எடுப்பார். "ஆனா இவ்வளவு செய்வேன்னு எதிர்பார்க்கல. கொஞ்சமா தூவிக்கணும். நீ மூட்டையவே கவுத்துட்டே."

"தேர்ச்சி கூடியிருக்கே."

"அது பரீட்சைக் கணக்கு. நிரந்தரம் பண்ற குழு பாக்கறது கருத்துக்கணிப்ப." சற்று யோசித்தார். நல்ல மனுஷன்தான்; அதுதான் கஷ்டமே. "ஒண்ணு பண்ணலாம். ரெண்டாம் பருவத்துலயும் அதே பாடம்தானே எடுக்கறே? நானே ஒரு வகுப்புக்கு வந்து உக்காந்து பாக்கறேன். படிவம் நல்லா வந்துச்சுன்னா குழு ஒத்துக்கும்."

அந்தப் படிவத்தில் இருபத்தேழு கட்டங்கள். கிளைவே உருவாக்கியது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளைவ் வந்தார். பழைய விரிவுரைக் கூடத்தில் மூன்றாவது வரிசையில், அரைக்கால் சட்டையோடும் முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையோடும் உட்கார்ந்து, படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டார். பாலம் கட்டும் எஃகில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வகுப்பெடுத்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. எப்படி வகுப்பெடுப்பது என்று பிறருக்குச் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

ரோஸ்லின் டங்கனைப் போல நாற்பது ஸ்லைடுகளைத் தயாராக வைத்திருந்தாள். முந்தின நாள் முழுக்க யோசித்து, கிளைவ் வரும் அன்றைக்கு மட்டும் நன்றாகப் பேசித் தொலைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். மேடையில் ஏறி அறுபத்துநாலு முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பம்ப் எரியக் காத்திருந்தது. ஸ்லைடுகளை மூடினாள்.

திரையில் ஒரே ஒரு படம். அகலமான குழாய் நடுவில் ஒடுங்கி, மறுபடி அகலமாகிறது. தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது.

"ஒடுக்கமான இடத்துல தண்ணியோட அழுத்தம் என்ன ஆகும்? ஏறுமா, குறையுமா, மாறாதா? போன்ல ஓட்டுப் போடுங்க."

கிளைவும் போனை எடுத்து ஓட்டுப் போட்டார். பார்வையாளரும் பங்கேற்க வேண்டும் என்பது மையத்தின் கொள்கை.

திரையில் வந்தது: ஏறும், நாற்பத்தெட்டு. குறையும், பன்னிரண்டு. மாறாது, ஐந்து. மொத்தம் அறுபத்தைந்து.

எது சரி என்று ரோஸ்லின் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறவங்களச் சம்மதிக்க வையுங்க. அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் பெரிய மௌனம். வெளியே மாமரத்தடிக் குப்பைத் தொட்டியை ஐபிஸ் பறவைகள் கிளறும் சத்தம் கேட்டது. ஒன்பதாவது நொடியில் யாரோ வாயைத் திறந்தார்கள். பதினைந்தாவது நொடியில் கூடம் சந்தைக்கடையானது.

கிளைவுக்குப் பக்கத்தில் மெலே ஃபொனுவா உட்கார்ந்திருந்தாள். டோங்காவிலிருந்து வந்த குடும்பம். சனி ஞாயிறுகளில் மாமாவோடு குழாய் வேலைக்குப் போகிறவள். கிளைவைத் தாமதமாகப் படிக்க வந்த மாணவர் என்று நினைத்துவிட்டாள். அப்படி அறுபது வயதில் படிக்க வருகிறவர்கள் குராபியில் வகுப்புக்கு இரண்டு பேர் உண்டு.

"நீங்க என்ன போட்டீங்க?"

"ஏறும்னு" என்றார் கிளைவ், தணிந்த குரலில்.

"போச்சு. ஏன்?"

"தோட்டத்துக் குழாய் வாயக் கட்டைவிரலால அமுக்கினா பீச்சி அடிக்குதில்ல? அழுத்தம் இல்லாம எப்படிப் பீச்சும்?"

"அழுத்தம் உங்க விரலுக்குப் பின்னாடி இருக்கு, பெரியவரே. பீச்சற இடத்துல இல்ல." மெலே படிவத்தை அவர் தொடையிலிருந்து உருவி, பின்பக்கத்தில் குழாய் வரைந்தாள். "இங்க பாருங்க. அகலத்துல தண்ணி மெதுவா வருது. ஒடுக்கத்துல வேகமாப் போகுது. சரியா?"

"சரி."

"மெதுவா வந்தது எப்படி வேகமாச்சு? யாரு தள்ளினது?"

கிளைவ் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"பின்னாடி இருக்கற தண்ணிதானே தள்ளணும்? முன்னாடி அழுத்தம் ஜாஸ்தின்னா அது திருப்பித்தானே தள்ளும்? அப்புறம் எப்படி வேகம் வரும்? தண்ணி நின்னுல்ல போகும்!"

மேடையிலிருந்து ரோஸ்லினுக்குச் சொற்கள் கேட்கவில்லை. ஆனால் கிளைவின் கைகள் தெரிந்தன. முதலில் மறுத்தன, பிறகு கட்டைவிரலை நீட்டிக் குழாயை அமுக்கிக் காட்டின, பிறகு காற்றில் அப்படியே நின்றன. அவர் முகத்தில் ஏதோ திறந்தது. கண் விரிந்து, ஏழு வயதுப் பையன் போலச் சிரித்து, மெலேயின் தோளைத் தட்டினார். படிவம் கீழே விழுந்ததைக் கூடக் கவனிக்கவில்லை. ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள். இதற்காகத்தானே இந்த வேலை.

மறுபடி ஓட்டு. ஏறும், நான்கு. குறையும், அறுபது. மாறாது, ஒன்று.

வெள்ளிக்கிழமை படிவம் மின்னஞ்சலில் வந்தது. ஆசிரியரின் விளக்கம் தெளிவாக இருந்ததா? இல்லை; ஆசிரியர் விளக்கவில்லை. குரல் கடைசி வரிசைவரை எட்டியதா? மதிப்பிடப் போதுமான குரல் இல்லை. நேரம் முழுமையாகப் பயன்பட்டதா? ஆசிரியர் ஒன்பது நிமிடம் மட்டுமே பேசினார். கட்டம் இருபத்தொன்று, மாணவர் கற்றதற்கான சான்று: காணப்படவில்லை.

ரோஸ்லின் மாடிப்படி இரண்டிரண்டாக ஏறிக் கிளைவின் அறைக்குப் போனாள்.

"சான்று காணப்படலையா? கிளைவ், முதல் ஓட்டுலயும் ரெண்டாவது ஓட்டுலயும் இருந்த வித்தியாசத்தப் பாத்தீங்கல்ல?"

"ஓட்டு ஓட்டுதான், மேட். பக்கத்துல இருக்கறவனப் பாத்துக்கூட மாத்திப் போடலாம்."

"நீங்க பக்கத்துல பாத்துப் போட்டீங்களா?"

கிளைவ் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"வகுப்புல அறுபத்துநாலு பேர். ஓட்டு அறுபத்தஞ்சு" என்றாள் ரோஸ்லின். "நீங்க அன்னிக்கு ஒண்ணு கத்துக்கிட்டீங்க. நான் பாத்தேன்."

"படிவத்துல 'மாணவர் கற்றதற்கான சான்று'ன்னு இருக்கு" என்றார் கிளைவ் மெல்ல. "நான் மாணவன் இல்லையே."

அவளுக்கு வந்த கோபத்தில் மேஜைமேல் இருந்த மூன்று தலைமுறைக் கோப்பைகளையும் தரையில் போட்டு உடைத்திருப்பாள். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டு வந்தாள்.

நவம்பரில் குழு கூடியது. ஐந்து பேர். தலைவி பில்லிப்பா, சட்டப் பேராசிரியை, துணைவேந்தருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். பொறியியல் புல முதல்வர் கார்டன், காங்கிரீட் நிபுணர். செவிலியர் துறைப் பேராசிரியை ஒருவர், மனிதவளப் பிரிவுப் பெண் ஒருத்தி, கடைசியாகக் கிளைவ். நடுவில் ஒரு தட்டு லாமிங்டன்.

"உங்களுக்கு ஏழு நிமிஷம்" என்றார் பில்லிப்பா. "உங்க கற்பித்தல் பத்திச் சொல்லுங்க."

ரோஸ்லின் எழுந்து பலகையில் குழாயை வரைந்தாள். அவசரத்தில் குழாய் கொஞ்சம் கோணலாக வந்தது.

"ஒடுக்கத்துல அழுத்தம் ஏறுமா, குறையுமா, மாறாதா? கை தூக்குங்க."

"என்ன இது?" என்றார் கார்டன்.

ரோஸ்லின் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஏழாவது நொடியில் செவிலியர் பேராசிரியை கையைத் தூக்கினார். "ஏறும். ரத்தக்குழாய் சுருங்கினா பிரஷர் ஏறறத முப்பது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"ஒடுக்கினா ஏறாம?" என்றார் கார்டன். "ஏறும்தான்."

"சட்டம் படிச்சவளுக்கே தெரியுது, ஏறும்" என்றார் பில்லிப்பா.

"நான் சொல்றது பதிவுல ஏறுமா?" என்றாள் மனிதவளப் பெண்.

கிளைவ் கையைத் தூக்கவில்லை. லாமிங்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கழுத்து சிவந்து வந்தது. சரியான பதில் தெரிந்த மனுஷன் தப்பான பதில்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது லேசான வேலையா?

"அதெப்படி ஏறும், கார்டன்?" என்று வெடித்தார். "நீ எஞ்சினியர்தானே? மெதுவா வர்ற தண்ணி வேகமா ஆகணும்னா யாரு தள்ளறது? பின்னாடி இருக்கறதுதானே? முன்னாடி அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா தண்ணி நின்னுல்ல போகும்!"

"தோட்டத்துக் குழாய..." என்று ஆரம்பித்தார் கார்டன்.

"விரலுக்குப் பின்னாடிய்யா அழுத்தம்! பீச்சற இடத்துல இல்ல! உங்க ரத்தக்குழாயும் அதே கததான். சுருங்கின இடத்துக்குப் பின்னாடிதான் ஏறுது." எழுந்தே விட்டார். பலகையில் ரோஸ்லின் வரைந்த கோணல் குழாய்மேல் அம்பு அம்பாகப் போட்டார். கார்டன் நெற்றியைச் சுருக்கி, ஒரு அம்பை அழித்து, வாதாடி, கடைசியில், "அட, ஆமாம்!" என்றார். செவிலியர் பேராசிரியை தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். ரோஸ்லின் ஓரமாக நின்றாள். ஏழு நிமிடத்தில் அவள் பேசியது ஒரே ஒரு கேள்வி.

"இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல, கிளைவ்" என்றார் பில்லிப்பா. "எங்க கத்துக்கிட்டீங்க?"

கிளைவ் ரோஸ்லினைப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை, அவளுடைய வேலையும் அந்த வார்த்தையோடு போய்விடும். உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அறுபத்தைந்து ஓட்டு என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். நான்கு. ஐந்து. கிளைவ் மார்க்கர் பேனாவை மூடினார். எட்டு. திறந்தார். பத்து.

பதினொன்று.

"அவ வகுப்புல" என்றார் கிளைவ். "செப்டம்பர்ல. மூணாவது வரிசையில உக்காந்து. அதுவரைக்கும் நானும் ஏறும்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

பில்லிப்பா படிவத்தைப் புரட்டினார். "இங்க கற்றதற்கான சான்று காணப்படவில்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

"மாணவர்களத்தான் பாத்தேன், பில்லிப்பா" என்றார் கிளைவ், உட்கார்ந்து. "என்னை நான் பாக்கல."

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. ரோஸ்லின் வாசலுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றாள்; பில்லிப்பாவே கதவைத் திறந்து கை குலுக்கினார். நிரந்தரம். கூடவே இனி பேச்சைக் குறைக்கும் பயிலரங்கை அவளே நடத்த வேண்டும் என்று குழு முடிவு செய்திருந்தது. கிளைவ் படிவத்தில் இருபத்தெட்டாவதாக ஒரு கட்டம் சேர்த்தார்: பார்வையாளர் ஏதேனும் கற்றாரா? அடுத்த வாரமே ஆறு வகுப்புகளிலிருந்து படிவங்கள் வந்தன. ஆறிலும் அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று இருந்தது.

டிசம்பரில் இரண்டாம் பருவத்தின் கருத்துக்கணிப்பு வந்தது. மூன்று புள்ளி ஒன்று. ரோஸ்லின் காபியை எடுத்துக்கொண்டு கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பெயர் இல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் உடனே அடையாளம் தெரிந்தது:

'செப்டம்பரில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. முழுப் பாடத்தையும் நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ரோஸ் சும்மா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்துக்கு இரண்டு.'

வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. மனிதர் கைபடாமல் கணினியே அனுப்புவது.

'மதிப்பிற்குரிய ரோஸ்லின் டிடிமன், உங்கள் மதிப்பெண் மூன்று புள்ளி எட்டுக்குக் கீழே இருப்பதால், பிப்ரவரி மாதம் நடைபெறும் "குறைவாகப் பேசுங்கள்" பயிலரங்கில் நீங்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். நடத்துபவர்: ரோஸ்லின் டிடிமன். காலைத் தேநீர் வழங்கப்படும்.'

'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள்.